சொல் மாண்டது, பொருள் மாண்டதா?

திம்புள்ளப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்னர் அன்றாடம் வழங்கிய சொற்கள் பல இன்று வழக்கொழிந்து போயின. தலவாக்கலையிலோ லிந்துலையிலோ அக்கரப்பத்தனையிலோ கொழுந்தெடுக்கும் ஓர் இளம் பெண்ணிடம் ‘துண்டு’ என்றால் என்னவென்று கேட்டால், காகிதத் துண்டையோ தோளிற் போடும் துண்டையோதான் அவள் நினைத்துக்கொள்வாள். அவளுடைய முப்பாட்டனுக்கோ அந்தச் சொல் கைவிலங்கின் மறுபெயர்.

சொற்கள் மறைவதைப் பற்றி இருவகைப் பேச்சுகளை நாம் கேட்டு வருகிறோம். மறைந்த ஒவ்வொரு சொல்லுக்காகவும் கண்ணீர் வடிப்போர் ஒரு சாரார். ‘அடிமைக்காலத்துச் சொற்கள்தாமே, ஒழிந்தது நல்லது’ என்று கைகழுவிவிடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் சொல்லை நகை போலப் பாவிக்கின்றனர். பின்னவர் அழுக்குத் துணியைப் போலப் பாவிக்கின்றனர். இரு சாராரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சொல் எந்தப் பொருளைச் சுட்டி நின்றதோ, அந்தப் பொருள் இன்று என்னவாயிற்று? சொல்லோடு சேர்ந்து அதுவும் மாண்டதா? அல்லது சொல்லை மட்டும் புதைத்துவிட்டு அது வேறு சட்டை மாட்டிக்கொண்டு நடமாடுகிறதா? ஒரு சொல்லின் மறைவு நன்மையா தீமையா என்பதை இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் தீர்மானிக்க முடியும் என்பது நமது கருத்து.

முதலில் ‘துண்டு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கண்டிச்சீமைக்கு ஆள் சேர்த்தவன் கங்காணி. பயணச் செலவு, வழியிற் சோறு, குளிருக்குக் கம்பளி என்று அவன் கொடுத்த முன்பணம் முழுவதும் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறியது. தோட்டத்துக்கு வந்து ஒரு கூடை கொழுந்து பறிப்பதற்கு முன்பே மனிதன் கடனாளியாகிவிட்டான். பின்னர், ஒரு கங்காணியும் அவனது ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு ரூபாய் கடனை யார் தீர்க்கிறார்களோ அவர்களிடம் இந்த ஆட்களை விட்டுவிடச் சம்மதம் என்பது அதன் சாரம். அந்தக் காகிதந்தான் துண்டு. ஆள் தேவைப்பட்ட தோட்டம் பணத்தைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொண்டது. கடன் கைமாறியது என்று கணக்குப் புத்தகம் சொல்லியது. கைமாறியவர்கள் மனிதர்கள் என்பதை அது சொல்லவில்லை.

1921ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன்பின் ஒரு தலைமுறைக்குள் சொல்லும் மெல்ல மெல்ல மறைந்தது. கடன் அத்தோடு மறைந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு சிறு காகிதத்தால் மனிதக் கூட்டத்தைக் கைமாற்றும் ஏற்பாடு ஒழிந்தது. பொருள் மாண்டது, சொல்லும் மாண்டது. இத்தகைய மரணத்துக்கு நாம் துக்கங் கொண்டாட வேண்டியதில்லை. நாவில் அது இனி ஒருபோதும் வழங்க வேண்டியதில்லை. வரலாற்று நூலில் மட்டும் அதற்கு ஓர் இடம் போதும்.

சொல்லைப் போலவே பழமொழிக்கும் மரணம் உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அன்று ஆள் சேர்த்தார்கள் என்பது மலையகத்தில் வழிவழியாக வரும் பேச்சு. ஏமாற்றப்பட்டவர்கள் அந்த வார்த்தையையே பிற்காலத்திற் கேலிப்பேச்சாக்கிக் கொண்டார்கள். வஞ்சகனின் வாக்குறுதி வஞ்சிக்கப்பட்டவனின் நையாண்டியாக மாறியது. உழைக்கும் மக்களின் மொழி செய்த பழிவாங்கல் இது. இன்றைய இளைஞருக்கு அந்த வாக்குறுதியும் தெரியாது, நையாண்டியும் தெரியாது. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் தரகனின் பேச்சில் அதே தேங்காயும் மாசியும் வேறு பெயர்களில் இருக்கின்றன. மலையகப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் புறப்படும் இக்காலத்தில், பாட்டிமாரின் அந்தக் கேலிப்பேச்சைப் பேத்திமார் அறிந்திருந்தால் அது அவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக உதவியிருக்கும். சொல் மறைந்ததால் ஏற்படும் நட்டம் எது என்பதை இங்கே காண்கிறோம்.

இனி, ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழியைப் பாருங்கள். நன்றியறிதலைப் போற்றும் நல்ல வாக்கு அது. ஆனால் உப்பும் சோறும் முன்பணமாகக் கணக்கில் ஏறுகின்ற இடத்தில் அந்த வாக்குக்கு என்ன பொருள்? உப்பை விலைக்கு விற்றவன், உப்பிட்டவனுக்குரிய நன்றியையும் சேர்த்துக் கேட்கிறான்! கடனை அறமாக வேடம் போட வைப்பதற்குப் பழமொழியைப் போன்ற வசதியான கருவி வேறில்லை. இத்தகைய பழமொழிகள் இன்று முன்போல் அடிக்கடி காதில் விழுவதில்லை. நன்றியுணர்வு தேய்ந்துவிட்டது என்று முதியோர் சிலர் வருந்துவர். நாம் அப்படி வருந்தவில்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நன்றி இருக்கட்டும். உழைப்பவனுக்கும் அவன் உழைப்பை உண்பவனுக்கும் இடையே இருக்க வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கை நன்றியால் மூடிய காலம் மாறியிருந்தால் அது நல்ல மாற்றமே.

சிக்கல் தொடங்குவது அடுத்தபடியில். பொருள் உயிரோடிருக்கச் சொல்லை மட்டும் கொல்வதும் உண்டு.

‘கூலி’ என்ற சொல்லின் கதையை நினைவு கொள்வோம். குறளிலே உழைப்பின் பயன் என்ற நேரிய பொருளில் ஆளப்பட்ட சொல் அது. கூலி என்பது மனிதன் பெறுவது, மனிதனே அல்லன். வெள்ளைத் தோட்டத்துரைமார் காலத்தில், பெறப்படும் பொருளின் பெயர் பெறுகின்ற மனிதனின் பெயராயிற்று. அந்தப் பெயரோடு நம் மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் பிஜிக்கும் கப்பலேறினர். ‘கங்காணி’யின் கதையும் ஏறக்குறைய அதுவே. சோழர் காலக் கல்வெட்டுகளிற் கோயிற் பணிகளை மேற்பார்வை செய்தோர் ‘கண்காணி’ எனப்பட்டனர். அந்த மதிப்புக்குரிய சொல் தோட்டத்துக்கு வந்து கங்காணியாகி, கடனுக்கும் கம்புக்கும் அடையாளமாயிற்று. சொற்களும் மனிதரைப் போலவே சீரழிக்கப்படுகின்றன.

இன்று ஆவணங்களிற் கூலி இல்லை, தொழிலாளி இருக்கிறான். துரை இல்லை, முகாமையாளர் இருக்கிறார். இம்மாற்றம் மேற்பூச்சா, மெய்யான மாற்றமா? எல்லாவற்றையும் மேற்பூச்சு என்று தள்ளிவிடுவது எளிது, அது நியாயமன்று. ‘தொழிலாளி’ என்ற சொல்லைத் தோட்டத்து மக்களுக்கு எந்தத் துரையும் தானமாக வழங்கவில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டந்தோறும் சென்று பேசிய 1930ஆம் ஆண்டுகளிலும், அதன்பின் வந்த வேலைநிறுத்தங்களிலும் அந்த மக்களே அதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன் கூலியாகச் சாகவில்லை. சங்கத்தின் உரிமையைக் கேட்ட தொழிலாளியாகச் செத்தான். வேலைநிறுத்தத்தை முறிப்பவனுக்குக் ‘கருங்காலி’ என்று தொழிலாளர் இயக்கம் வைத்த பெயரும் அக்காலத்து மலைகளில் ஒலித்ததே. பெயர் வைக்கும் உரிமையும் ஓர் உரிமைதான். அதைப் பெற்றவர்கள் தம் நண்பனுக்கும் எதிரிக்கும் தாமே பெயர் வைத்தனர்.

ஆகவே, பழைய சொல் போய்ப் புதிய சொல் வரும்போது நாம் பார்க்க வேண்டியது ஒன்று: அதை வைத்தது யார்? கீழிருந்து போராடி எடுத்துக்கொண்ட பெயர் மனிதனை உயர்த்துகிறது. மேலிருந்து வசதிக்காக மாற்றி வைக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் எதையோ மறைக்கிறது.

‘லயம்’ என்ற சொல்லை வைத்து இதைச் சோதிக்கலாம். வரிசையாகக் கட்டப்பட்ட, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் முன்புறம் ஓர் இஸ்தோப்பும் கொண்ட அந்தக் கட்டடங்களுக்குத் ‘தோட்டக் குடியிருப்பு’ என்று காகிதத்தில் எழுதிவிட்டால் கூரை ஒழுகாமல் நின்றுவிடுமா? 2015க்குப் பின் ஓர் அமைச்சின் பெயரிலேயே ‘மலைநாட்டுப் புதிய கிராமங்கள்’ என்ற தொடர் இடம்பெற்றது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டமும் நடைபெற்றது. எந்த மலையில் அந்த வீடு எழுந்து, அதன் உறுதிப் பத்திரம் உழைத்தவர் கைக்கு வந்ததோ, அந்த மலையில் ‘லயம்’ என்ற சொல் கௌரவமாக இறக்கலாம். ஆனால் இன்றும் லயத்தில் வாழ்வோர் பலர். அவர்கள் இருக்கும் வரையில் அந்தச் சொல்லும் இருக்கட்டும். அது குத்துகின்ற சொல்தான், குத்தட்டும்.

இதற்கு நேர்மாறாக, சாக மறுக்கும் சொல் ஒன்றும் தோட்டத்தில் இருக்கிறது. அதுதான் ‘பேர்’.

தோட்டத்தில் ஒருநாள் வேலை செய்து செக்ரோலிற் பதியப்பட்டால் அதற்குப் ‘பேர் விழுந்தது’ என்பார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் ‘அரைப் பேர்’. விடுமுறை நாளில் எடுத்த கொழுந்துக்கு நிறைக்கேற்பக் கொடுப்பது ‘கைக்காசு’. அரைப் பேர் என்ற சொல்லைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் சூட்டிய முழுப் பெயரோடு விடியலிற் பிரட்டுக்களத்துக்கு வந்த ஒரு பெண், மாலையில் மடுவத்துத் தராசின் முன்னே பாதிப் பெயரோடு திரும்புகிறாள். மழையில் நனைந்ததும், அட்டை கடித்ததும், செங்குத்து மலையில் ஏறி இறங்கியதும் முழுமையாகத்தான் நடந்தன; பெயர் மட்டும் பாதியாயிற்று! உழைப்பையும் உழைப்பவரையும் ஒன்றாக்கி, அவளது பெயரையே நாட்கூலியின் அளவாக்கிய இந்தச் சொல்லைக் காட்டிலும் கூர்மையாக அந்த வாழ்க்கையை எந்தப் பேராசிரியர் விளக்கிவிட முடியும்?

இந்தச் சொல் இன்னும் வழக்கொழியவில்லை. ஏன்? பொருள் ஒழியவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1927இல் வந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல் வர்த்தமானி அறிவித்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் தராசு மடுவத்தில் தொங்குகிறது, அரைப் பேர் செக்ரோலில் இருக்கிறது. இப்போது ‘விளைச்சலுக்கேற்ற ஊதியம்’ என்று புதிய பேச்சு எழுந்திருக்கிறது. அதில் நன்மை இருக்கலாம், தீமையும் இருக்கலாம். கணக்குப் பார்த்தே சொல்ல வேண்டும். ஆனால் நாளை அந்தப் புதிய சொல் வந்து ‘அரைப் பேர்’ என்ற சொல் மறையுமானால், அன்றைக்கும் நாம் இதே கேள்வியைக் கேட்போம்: மாண்டது சொல் மட்டுந்தானா?

இன்னொரு வகைச் சொற்கள் உள்ளன. அவை ஒடுக்குமுறையின் சொற்கள் அல்ல. உழைப்பாளியின் சொந்தச் சொற்கள். மழைக்குத் தலைமேலே போடும் கொங்காணி, இடுப்பிற் கட்டும் படங்கு, கொழுந்து மட்டத்தைச் சரிபார்க்கும் மட்டக்கம்பு, மேலே வளராமல் நின்றுவிட்ட வங்கிக் கொழுந்து, செடியை வெட்டித் திருத்தும் கவ்வாத்து, மலைநீரைக் கொண்டு வரும் பீலி. தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்து அறிஞர்கள் தேயிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தார்கள். அந்த அறிவிற் பெரும்பகுதி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் விரல் நுனியிலும் நாவிலும் தமிழாக இருந்தது. எந்த இலை எடுக்கத்தக்கது, எது வங்கி என்பதைப் பிரித்தறிந்து கணப்பொழுதில் கிள்ளும் கைத்திறனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்கள் அவை.

அந்தப் பேச்சின் பிறப்பும் வியப்புக்குரியது. ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. லயக்காம்பராவில் உள்ள ‘காம்பரா’ போர்த்துக்கேயரின் சொல். ‘மடுவம்’ சிங்களச் சகோதரரின் மடுவ. ‘பிரட்டு’ ஆங்கிலேயரின் பரேட். நாட்டை ஆண்டவர்களின் மொழியையும் அண்டை வீட்டாரின் மொழியையும் தம் நாவுக்கு இசைவாக வளைத்துத் தமிழோடு சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை அங்கே இருந்தது. இத்தகைய மொழிக்கு ‘தோட்டக்காட்டுப் பேச்சு’ என்று பெயர் சூட்டி ஏளனம் செய்தது யார்? அந்நியர் மட்டுமல்லர், படித்த தமிழரும் செய்தனர். பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்லைச் சொன்ன பிள்ளை வகுப்பில் நகைப்புக்கு இடமானான். ஹற்றனுக்கும் கொழும்புக்கும் கடைவேலைக்குப் போன பையன் முதலிற் கற்றுக்கொண்டது தன் தாயின் சொற்களை மறைப்பதை. இங்கே பொருள் சாகவில்லை, சொல்லும் இயற்கையாகச் சாகவில்லை. வெட்கம் அதைக் கொன்றது. வெட்கத்தாற் சாகும் சொல்லுக்காக நாம் கட்டாயம் வருந்த வேண்டும். அது கைவிடப்படும்போது கைவிடப்படுவது ஒரு மக்களின் தன்மதிப்பு.

வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) இதை உணர்ந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், தோட்டத்து மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். வாக்குக் கேட்கும் மக்களின் வாக்கையும் கேட்க வேண்டும் என்று கருதிய அரசியல்வாதிகள் நம்மிடையே அதிகம் இல்லை.

அவரை அனுப்பிய மக்களின் கதி என்னவாயிற்று? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டின்றியே மனிதர் பங்கிடப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களோடு அந்தச் சொற்களும் கப்பலேறின. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று பழிக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.

‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ ஆகிய வசைச்சொற்களை என் செய்வது? நாவிலிருந்து அவை முற்றாக நீங்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் நூலிலிருந்தும் அவற்றை நீக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்லும்போது நாம் உடன்பட மாட்டோம். வசையை ஏற்றவனுக்கு மறக்க உரிமையுண்டு. வசைபாடியவனுக்கு அந்த உரிமை இல்லை. பிஜித் தீவின் கதை இங்கே நமக்கு உதவும். ஒப்பந்தம் என்ற ஆங்கிலச் சொல் இந்தியத் தொழிலாளரின் நாவில் ‘கிர்மித்’ ஆகி, கட்டாய உழைப்பின் பெயராயிற்று. அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரை ஒளிக்கவில்லை. 2023 முதல் ‘கிர்மித் நாள்’ அந்நாட்டின் பொது விடுமுறை. அதே 2023இல், மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியிலே, தாமே தேர்ந்துகொண்ட ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரோடு நடந்தனர். பழைய பெயர்கள் எவை என்பது தெரிந்தவர்களுக்கே இந்தப் புதிய பெயரின் பெறுமதி தெரியும்.

‘சோற்றுக்கு வழி பிறக்காமல் சொல்லைப் பற்றி என்ன ஆராய்ச்சி?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். சொல் சோறு போடாது. ஆனால் சோற்றைப் பறித்தவன் எந்தச் சொல்லால் அதை மறைத்தான் என்பதை அறியாதவன், பறிக்கப்பட்டதையே அறியமாட்டான். கடனை நன்றி என்றும், கைமாற்றத்தைக் கணக்கு என்றும், பாதிச் சம்பளத்தைப் பாதிப் பெயர் என்றும் சொல்லி வந்த வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

ஆகையால் திம்புள்ளப் பகுதியின் பள்ளிக்கூடங்களிற் பணிபுரியும் இளம் ஆசிரியர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துப் பாட்டன் பாட்டிமாரிடம் அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் சொற்களையும் பழமொழிகளையும் மூன்று பத்தியில் எழுதச் சொல்லுங்கள். பொருளோடு சேர்ந்து மாண்டவை முதற்பத்தி. வெட்கத்தால் ஒளிக்கப்பட்டவை இரண்டாம் பத்தி. பொருள் உயிரோடிருக்கப் பெயர் மட்டும் மாறியவை மூன்றாம் பத்தி. முதற்பத்தியைப் படித்து வரலாறு அறியட்டும். இரண்டாம் பத்தியை வகுப்பிலே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மூன்றாம் பத்தியைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் காட்டட்டும். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பெரியவர்கள் இன்னும் செய்து முடிக்காத வேலை ஒன்றைக் குறிக்கும்.